பூட்டின் கை

(பெங்களூரில் ஆனர்ஸ் படிப்பில் முதலாண்டு சேர்ந்திருக்கும் மாணவர்களுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முதலாண்டு மாணவர்களுக்கு நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று என்னை அழைத்திருக்கிறார்கள். எனக்குச் சொல்லத் தோன்றுவது ஒரே ஒரு வார்த்தைதான். 'புரியல' என்பதுதான் அந்த வார்த்தை. புதிய இடத்தில் நமக்கென்று நாலு பேர் எப்படிக் கிடைக்கிறார்கள் என்று முப்பது ஆண்டுகளாக வகுப்பறையில் நின்று பார்த்துவிட்டேன். அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொன்ன இடத்திலிருந்துதான் பெரும்பாலும் அது தொடங்குகிறது.

என் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். கிருஷ்ணகிரிப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் தமிழ் வழி. கணக்கில் 200க்கு 200. ஊரே கூடிக் கொண்டாடி, பஸ் ஏற்றி அனுப்பியது. இங்கே ஒரு கல்லூரியில் கணித ஆனர்ஸ் சேர்ந்தேன். முதல் வாரத்திலேயே பேராசிரியர் கரும்பலகையில் எல்லை என்பதற்கு வரையறை எழுதினார். யார் எவ்வளவு சிறிய எப்சிலான் கொடுத்தாலும், அதற்கேற்ற ஒரு டெல்டா உண்டு என்று தொடங்கும் வரையறை அது. எழுதிவிட்டுத் திரும்பி, "சரிதானே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். வகுப்பு முழுதும் தலையாட்டியது. நானும் ஆட்டினேன்.

ஒரு எழுத்தும் புரியவில்லை. ஆனால் என்னைச் சுற்றியிருந்த எல்லாருக்கும் புரிந்துவிட்டது என்று நம்பினேன். அன்று முதல் மெஸ்ஸுக்குக் கூட்டம் குறைந்த பிறகு போய்ச் சாப்பிட்டேன். யாராவது பாடத்தைப் பற்றிப் பேச்செடுத்துவிடுவார்களோ என்ற பயம். ஞாயிற்றுக்கிழமை எஸ்டிடி பூத்தில் வரிசையில் நின்று அம்மாவிடம் பேசுவேன். "நல்லா இருக்கேம்மா, எல்லாரும் நல்லாப் பழகுறாங்க" என்பேன். மீட்டர் ஓடுகிறதே என்று அம்மாவும் அதற்கு மேல் கேட்கமாட்டார்.

என் அறைத்தோழி ஹாசன் பக்கத்துப் பெண். அவளும் கன்னட வழியில் படித்து வந்தவள். இருவரும் ஒரே வகுப்பு. ஆனால் ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்கார்ந்து படித்தோம். ஒருநாள் இரவு சாவியை உள்ளே வைத்துவிட்டு, பூட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டோம். விடுதி ஆயம்மா வரும் வரைக்கும் கதவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தோம். புத்தகம் எல்லாம் உள்ளே. பேசுவதைத் தவிர வேறு வேலை இல்லை. அப்போதுதான் சொன்னேன்: "எனக்கு அந்த எப்சிலான் டெல்டா புரியல."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "நனகூ அர்த்த ஆகலில்ல" என்றாள். எனக்கும் புரியவில்லை என்று அர்த்தம்.

ஆயம்மா ஒரு பெரிய சாவிக்கொத்தோடு வந்தார். எந்த அறைக்கு எது என்று அதில் எழுதியிருக்கவில்லை. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாவதோ ஆறாவதோ சாவியைப் போடும்போது அவள் என் கையைப் பிடித்து உலுக்கினாள். "நோடு! ப்ரதி பீகக்கூ ஒந்து பீகத கை இதெ. எல்லா பீகக்கூ ஒந்தே கை இல்ல." ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு சாவி உண்டு. எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி கிடையாது.

அந்த வரையறையின் உயிரே அதுதான். எப்சிலான்தான் பூட்டு. டெல்டாதான் சாவி. முதலில் பூட்டைக் காட்டு, அதைப் பார்த்துவிட்டு நான் சாவியை எடுக்கிறேன் என்கிறது அந்த வரையறை. பூட்டு மாறினால் சாவியும் மாறலாம். கதவு திறந்ததும் இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, அன்றைக்கு இரவே பயிற்சிக் கணக்கில் ஏழு போட்டோம். கன்னடத்தில் சாவிக்கு 'பீகத கை' என்று பெயர். பூட்டின் கை என்று அர்த்தம். அந்தச் சொல்லை அன்றுதான் கற்றேன். மூன்று வாரமாக நான் தேடிக்கொண்டிருந்த கை என் கட்டிலுக்கு எதிர்க் கட்டிலிலேயே இருந்திருக்கிறது.

பிள்ளைகளே, ஆனர்ஸ் வகுப்பில் இந்தத் தனிமை ஏன் கூடுதலாக இருக்கிறது தெரியுமா? உங்களில் ஒவ்வொருவரும் உங்கள் பள்ளியில் முதல் வரிசை. பத்தாம் வகுப்பிலிருந்தே, யாராவது சந்தேகம் என்றால் உங்களிடம் வந்துதான் கேட்டிருப்பார்கள். நீங்கள் போய்க் கேட்ட பழக்கம் இல்லை. நுழைவுத் தேர்வுக்குப் படித்தபோது பக்கத்தில் இருந்தவர் போட்டியாளர். கதவைச் சாத்திக்கொண்டு படித்துத்தான் ஜெயித்தீர்கள். அப்படி ஜெயித்த அறுபது பேரை மட்டும் பொறுக்கி ஓர் அறையில் உட்கார வைத்தால் எப்படி இருக்கும்? அறுபது பேரும் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். அறுபது பேரும் தலையாட்டுகிறார்கள்.

இது என் அனுபவம் மட்டும் அல்ல. அமெரிக்காவில் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1970களில் யூரி டிரைஸ்மன் என்ற ஆய்வு மாணவர் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார். முதலாண்டு நுண்கணிதத்தில் கறுப்பின மாணவர்கள் ஏன் இவ்வளவு பேர் தவறுகிறார்கள்? ஆசிரியர்களைக் கேட்டார். ஆர்வம் போதாது, அடிப்படை போதாது, வீட்டில் ஆதரவு இல்லை, வசதி இல்லை என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அவர் அதோடு விடவில்லை. கறுப்பின மாணவர்கள் 20 பேர், சீன வம்சாவளி மாணவர்கள் 20 பேர் என்று எடுத்துக்கொண்டு, அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று கூடவே போய்ப் பார்த்தார்.

ஆசிரியர்கள் சொன்ன காரணங்களில் ஒன்றும் நிற்கவில்லை. கறுப்பின மாணவர்கள் பள்ளியில் நன்றாகப் படித்தவர்கள்தான். வகுப்புக்குத் தவறாமல் வந்தார்கள், வீட்டுப்பாடம் செய்தார்கள். ஆனால் தனியாகச் செய்தார்கள். சீன மாணவர்களும் முதலில் தனியாகத்தான் உட்கார்ந்து படித்தார்கள். பிறகு மாலையில் ஒன்றுகூடினார்கள். விடைகளை ஒப்பிட்டார்கள். ஒருவருக்கு வராத கணக்கை இன்னொருவர் போட்டுக் காட்டினார். யாருக்குமே வரவில்லை என்றால், அது கடினமான கணக்குதான், குறை நம்மிடம் இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்தது. தனியாக இருந்தவருக்கு அதைச் சொல்ல ஆளே இல்லை. கணக்கு வராவிட்டால் தனக்கு மூளை இல்லை என்று அவர் முடிவு கட்டிக்கொண்டார்.

டிரைஸ்மன் அடுத்துச் செய்ததுதான் முக்கியம். மாணவர்கள் சேர்ந்து படிக்க ஒரு பயிற்சியைத் தொடங்கினார். பின்தங்கியவர்களுக்குச் சிறப்பு வகுப்பு என்று அதற்குப் பெயர் வைக்கவில்லை. அதை ஓர் ஆனர்ஸ் திட்டமாக அமைத்தார். வழக்கமான கணக்கைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்து, சேர்ந்து உட்கார்ந்து போடச் சொன்னார். தனியாக முடிக்க முடியாத கணக்கு என்பதால் பேசியே ஆக வேண்டியிருந்தது. அதில் சேர்ந்த மாணவர்கள் சேராதவர்களைவிட மிக நன்றாகத் தேறினார்கள். அமெரிக்காவில் வேறு பல பல்கலைக்கழகங்களும் அந்த முறையைப் பின்பற்றத் தொடங்கின. ஆனர்ஸ் என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்த நல்ல பொருள் இதுதான். தனியாக முடியாத அளவுக்குக் கடினமானதை உங்களிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். ஆகவே சேர்ந்து செய்யுங்கள்.

இப்போது நம்முடைய ஊருக்கு வருவோம். இங்கே மல்லேஸ்வரத்துக்கு அருகில் இந்திய அறிவியல் கழகம் இருக்கிறது. 1909இல் தொடங்கியது. 1933இல் கமலா பாகவத் என்ற பெண் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பட்டம் முடித்துவிட்டு அங்கே விண்ணப்பித்தார். பின்னாளில் கமலா சொஹோனி என்று அறியப்பட்டவர். அவருடைய அப்பாவும் உறவினர் ஒருவரும் அதே கழகத்தில் படித்தவர்கள். அப்போது இயக்குநராக இருந்தவர் சர் சி.வி. ராமன். பெண் என்ற ஒரே காரணத்துக்காக இடம் மறுத்தார். கமலா நேரில் வந்து வாதாடினார். கடைசியில் நிபந்தனைகளோடு சேர்த்துக்கொண்டார்கள். முதல் ஓராண்டு அவர் முறையான மாணவி இல்லை, சோதனைக் காலம். அவர் இருப்பதால் ஆண்களின் கவனம் சிதறக் கூடாது.

கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். உங்களில் பலர் இங்கே நமக்கு இடம் உண்டா என்று மனதுக்குள் கேட்டுக்கொள்கிறீர்கள். அந்தப் பெண்ணிடம் இடம் இல்லை என்று வாய்திறந்தே சொன்னார்கள். அந்த ஓராண்டை அவர் எப்படிக் கடந்தார்? ஸ்ரீநிவாசய்யா என்று ஓர் ஆசிரியர் இருந்தார். தம் ஆய்வகத்தில் அவருக்கு வேலை கொடுத்தார், படிக்க வேண்டியதைக் காட்டினார். பால், பருப்பு, பயறு ஆகியவற்றில் உள்ள புரதங்களை அங்கே கமலா ஆராய்ந்தார். 1936இல் எம்எஸ்சி முடித்தார். கேம்பிரிட்ஜ் போய் 1939இல் டாக்டர் பட்டம் பெற்றார். நம்முடைய குன்னூரில் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்திலும் பிறகு வேலை செய்தார். ராமன் தம் முடிவை மாற்றிக்கொண்டார். 1940இல் சென்னையிலிருந்து அன்னா மணி ராமனின் ஆய்வகத்துக்கே வந்து வைரத்தை ஆராய முடிந்தது என்றால், அந்தக் கதவை முதலில் தட்டியவர் கமலா.

ராமன் பெரிய விஞ்ஞானி. அந்த மறுப்பு பெரிய தவறு. இரண்டையும் சேர்த்தே நாம் சொல்ல வேண்டும். உங்களுக்கு நான் இதிலிருந்து எடுத்துத் தருவது ஒன்றுதான். தொடங்குவதற்குக் கூட்டம் வேண்டாம். ஒருவர் போதும். ஓர் ஆசிரியர், ஓர் அறைத்தோழி, நூலகத்தில் தினம் எதிர் நாற்காலியில் உட்காரும் ஒருவர். அந்த ஒருவரிடம் நீங்கள் வாய்திறக்க வேண்டும்.

அதே அறிவியல் கழகத்தில் 2011இல் நான்காண்டு இளநிலைப் படிப்பு தொடங்கினார்கள். அதன் அமைப்பு எனக்குப் பிடிக்கும். என்ன சிறப்புப் பாடம் எடுக்கப் போகிறவராக இருந்தாலும், முதல் மூன்று செமஸ்டரும் இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் எல்லாவற்றையும் எல்லாரும் படிக்க வேண்டும். உயிரியலில் கெட்டிக்காரர் கணக்கில் திணறுவார். கணக்கில் கெட்டிக்காரர் ஆய்வகத்தில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். ஒவ்வொருவரிடமும் மற்றவருக்கு வேண்டிய ஒன்று இருக்கும். உங்கள் கல்லூரியில் அப்படி ஓர் அமைப்பு இல்லாவிட்டாலும், உங்கள் குழுவை அப்படிச் சேர்த்துக்கொள்ளலாமே.

கர்நாடகத்தில் இந்த ஆனர்ஸ் விஷயமே சில ஆண்டுகளில் இரண்டு முறை மாறிவிட்டது. தேசியக் கல்விக் கொள்கையை ஏற்று 2021இல் நான்காண்டு ஆனர்ஸ் பட்டம் வந்தது. 2024இல் மாநில அரசு மீண்டும் மூன்றாண்டுப் பட்டத்துக்குத் திரும்பியது. பல தனியார் பல்கலைக்கழகங்களில் நான்காண்டு தொடர்கிறது. உங்களுக்கு முன்னால் படித்தவர்களுக்கு ஒரு முறை, உங்களுக்கு ஒரு முறை. எந்தப் பாடம் எப்போது, எத்தனை கிரெடிட் என்று விசாரிக்க அலுவலக ஜன்னலுக்குப் போகும் முன் மூத்த மாணவர் ஒருவரைக் கேளுங்கள். அதுவும் ஒரு 'புரியல'தான். சொன்னவருக்கும் கேட்டவருக்கும் அன்றோடு ஒரு பழக்கம் உண்டாகிவிடும்.

ஒருவரையொருவர் கேட்டு அறிவது என்றால், நாகர்பாவியில் உள்ள தேசியச் சட்டப் பள்ளியைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஐந்தாண்டு சட்ட ஆனர்ஸ் படிப்பை 1988இல் தொடங்கி, நாட்டுக்கே முன்மாதிரியாக இருந்த இடம். அங்கே 2015–16இல் மாணவர்களே சேர்ந்து தங்களைப் பற்றி ஓர் ஆய்வு நடத்தினார்கள். இங்கே யார் வந்து சேர்கிறார்கள், எந்தச் சாதியிலிருந்து, எந்த மொழியிலிருந்து, எந்தப் பள்ளியிலிருந்து, உள்ளே வந்த பிறகு யாருக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டு எழுதினார்கள். எனக்குத் தலை வணங்கத் தோன்றியது. நான் மட்டும்தான் வெளியாள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருக்கும் இடத்தில், எத்தனை பேர் அப்படி நினைக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்ததே ஒரு துணை.

அதே சட்டப் பள்ளியில் படித்தவர் ஷம்நாத் பஷீர். 2010இல் அவர் 'இடியா' என்ற அமைப்பைத் தொடங்கினார். சட்ட மாணவர்களே கிராமத்துப் பள்ளிகளுக்கும் ஏழைப் பிள்ளைகளிடமும் போவார்கள். சட்டப் படிப்பு என்று ஒன்று இருக்கிறது என்று சொல்லி, நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி கொடுப்பார்கள். இடம் கிடைத்ததும் கைகழுவிவிடுவதில்லை. ஆங்கிலத்துக்கும் பாடத்துக்கும் கல்லூரி வாழ்க்கைக்கும் கூடவே ஒருவர் வழிகாட்டியாக இருப்பார். பஷீர் 2019இல் மறைந்துவிட்டார். அமைப்பு நடக்கிறது. இடம் வாங்கிக் கொடுப்பது பாதி வேலைதான், அந்த இடத்தில் உட்கார வைப்பது மீதிப் பாதி என்று அவர் அறிந்திருந்தார்.

இனி ஒரு விஷயத்தை மனம்விட்டுப் பேசலாம். இந்த ஊரில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு. அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் என்று எங்கே போனாலும் காதில் தமிழ் விழும். 1950இல் தொடங்கிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் அல்சூர் ஏரிப் பக்கம் இருக்கிறது. அங்கே நூலகம் உண்டு. போங்கள். விடுதியிலும் தமிழ்ப் பிள்ளைகள் ஒரு மேசையில் சேர்ந்து சாப்பிடுவீர்கள். நல்லது. வாரம் முழுதும் அந்நிய மொழியில் யோசித்துக் களைத்த மூளைக்கு அந்த மேசை வீடு மாதிரி.

ஆனால் அந்த ஒரு மேசையோடு நின்றுவிடாதீர்கள். ஏரிக்கரைக்குப் பக்கத்தில் ஒரு திருவள்ளுவர் சிலை இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். 1991இலேயே வைத்த சிலை. பதினெட்டு ஆண்டுகள் துணி சுற்றியே நின்றது. 2009 ஆகஸ்ட் 9ஆம் தேதிதான் திறந்தார்கள். நாலு நாள் கழித்து, 13ஆம் தேதி, சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலையைத் திறந்தார்கள். இரண்டு மாநிலங்கள் அப்படிப் பக்கத்தில் வந்து நிற்பதற்குப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. உங்களுக்கு ஒரு செமஸ்டர் போதும். ஏனென்றால் உங்களுக்கு நடுவில் அரசியல் இல்லை, வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டிய அசைன்மென்ட் இருக்கிறது. 'அர்த்த ஆகலில்ல' என்பதைக் கன்னடத்தில் நீங்கள் கற்கும் முதல் வாக்கியமாக வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பிலும் உதவும், மெஸ்ஸிலும் உதவும், பிஎம்டிசி பஸ்ஸிலும் உதவும். இந்த ஊர்க்காரர்கள் எவ்வளவு பிரியமாக விளக்குகிறார்கள் என்று பாருங்கள்.

நான் வகுப்பெடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து, புதன்கிழமை மாலை ஒரு காலி அறையைத் திறந்து வைப்பேன். அங்கே கற்றுக்கொண்ட நாலு விஷயங்களைச் சொல்கிறேன். நாளும் இடமும் மாறக் கூடாது. நேரம் கிடைக்கும்போது சந்திப்போம் என்றால் சந்திக்கவே மாட்டீர்கள். ஒரு குழுவில் நாலைந்து பேருக்கு மேல் வேண்டாம், கூட்டம் பெருத்தால் இரண்டு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் பழையபடி தலையாட்டுவார்கள். வரும் முன் தனியாக உட்கார்ந்து முயற்சி செய்துவிட்டு வர வேண்டும். விடையைக் கொண்டு வராதீர்கள், எந்த வரியில் நின்றுபோனதோ அந்த வரியைக் கொண்டு வாருங்கள்.

ஒரு புதன்கிழமை நடந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. இரண்டு மாதமாக வந்தும் வாயே திறக்காத ஒரு பையன். அன்று எழுந்து வந்து, பலகையில் மூன்று வரி எழுதினான். நாலாவது வரியின் இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு, "இங்கதான் மேடம், இதுக்கு மேல தெரியல" என்றான். அறையில் ஒரு நொடி சத்தம் இல்லை. பின்வரிசையிலிருந்து ஒரு பெண், "நானும் அங்கேதான் நிற்கிறேன்" என்றாள். இன்னொருவன் எழுந்து போய்ச் சாக்பீஸை வாங்கினான். மூன்று பேரும் பலகைக்கு முன்னால் நின்று அழித்து அழித்து எழுதினார்கள். நான் வாய் திறக்கவில்லை. அன்று மாலை அவர்கள் மூவரும் டீ குடிக்கச் சேர்ந்தே போனார்கள். படிப்பு முடிகிற வரைக்கும் சேர்ந்தே போனார்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. வீடியோ காலில் "சாப்பிட்டியா, படிச்சியா" என்று கேட்கிறோம். கூடவே "யாரோட சாப்பிட்ட?" என்றும் கேளுங்கள். மார்க் குறைந்தால், "அங்க போய்க் கெட்டுப்போயிட்டியா" என்று ஆரம்பிக்காதீர்கள். வீட்டில் 'புரியல' என்று சொல்ல முடியாத பிள்ளை வெளியிலும் சொல்லாது. இன்னொன்று. ராகிங்கைத் தடுக்க 2009இல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த விதிகளில், புது மாணவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் ஆசிரியரைப் பொறுப்பாக்க வேண்டும் என்று இருக்கிறது. உங்கள் பிள்ளையின் குழுவுக்கு யார் என்று கல்லூரியில் கேளுங்கள். அது சலுகை இல்லை, விதி.

தனிமை சில பிள்ளைகளுக்கு அளவு கடந்து போகும். தூக்கம் வராது, சாப்பாடு இறங்காது, எதற்கு இருக்கிறோம் என்று தோன்றும். அப்படி இருந்தால் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். இதே ஊரில் உள்ள மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் ஒருங்கிணைக்கும் டெலி மானஸ் தொலைபேசிச் சேவை 2022 முதல் நடக்கிறது. 14416 என்ற எண். இரவு பகல் எந்த நேரமும் கூப்பிடலாம், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். அங்கேயும் 'என்னன்னே புரியல' என்று ஆரம்பித்தால் போதும். மீதியை அவர்கள் கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

ஹாசன் தோழியும் நானும் மூன்று ஆண்டுகள் அந்த ஒரே மேசையில் படித்தோம். இரண்டாம் ஆண்டில் அதே தாழ்வாரத்துப் புதுப் பெண்கள் மூன்று பேர் எங்களோடு சேர்ந்துகொண்டார்கள். அதில் ஒருத்திக்கு அந்த வரையறையை நான்தான் விளக்கினேன், விடுதிப் பூட்டையும் சாவியையும் கையில் வைத்துக்கொண்டு, கன்னடத்தில்.

இன்று இரவு அறைக்குத் திரும்பியதும் ஒரு காரியம் செய்யுங்கள். எந்தப் பாடத்தில், எந்தப் பக்கத்தில், எந்த வரியில் நின்றுபோனீர்கள் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதுங்கள். அதை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக் கதவைத் தட்டுங்கள். கதவைத் திறப்பவருக்கும் அது தெரியாமல் இருக்கலாம். தெரியாவிட்டாலும் உள்ளே போய் உட்காருங்கள்.